கோமதி அணைக்காத கணினி

சென்ற மாதப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார்: "கோப்புப் பகிர்வு மென்பொருளில் சக கணினிகளைத் தேடும் அமைப்பு என்று நான்கைந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டை அணைத்துவிட்டால் வேகம் கூடுகிறது. அதைத் தொடும் முன் ஏன் சார் இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்?" அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையான காரணம் வகுப்பில் நின்றுகொண்டு சொல்லக்கூடியது அல்ல. எழுதினால்தான் நான் நடுவில் நிறுத்தாமல் முடிப்பேன் என்று தோன்றியது.

நடந்தது 1998ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஒரு புதன்கிழமை. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் மூன்றே வரிகள் இருக்கின்றன. மருந்துக்கடைக் கணினியைப் பழுதுபார்க்க எடுத்துவந்தேன் என்பது முதல் வரி. மற்ற இரண்டும் மழையைப் பற்றியவை. அடுத்த இரண்டு நாட்களுக்கான பக்கங்களில் நான் எதுவும் எழுதவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கணினிக் கடையில் வேலை. விற்பது, பழுதுபார்ப்பது, இரண்டு மூன்று கணினிகளைக் கேபிளால் இணைத்துக் கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் வாடிக்கை. அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஐந்து கணினிகளை நான்தான் இணைத்திருந்தேன். வரவேற்பு, மருந்துக்கடை, அலுவலகம், வார்டு, லேப். லேப் என்று நான் சொல்வது இரத்தம், சிறுநீர் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தை.

இன்றைக்குப்போல நடுவில் ஒரு பெரிய கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இல்லை. ஐந்தும் சமம். லேப்பில் முடிவுகளைத் தட்டெழுதி ஒரு கோப்புறையில் போடுவார்கள். வார்டு நர்ஸ் தன் கணினியில் அண்டைக் கணினிகளைக் காட்டும் சின்னத்தை அழுத்துவார். ஐந்து பெயர்கள் வரிசையாக வரும். லேப் என்ற பெயரைத் திறந்தால் அன்றைய முடிவுகள் இருக்கும்.

இந்தப் பெயர் வரிசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ஐந்தில் ஏதாவது ஒரு கணினி, யார் யார் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். மற்றவை அதனிடம் கேட்டுத் திரையில் காட்டும். பட்டியலை வைத்திருக்கும் கணினி அணைந்துபோனால், சிறிது நேரத்தில் இன்னொன்று அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எது எடுத்துக்கொள்வது என்பதை அவை தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும், நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அங்கே சிக்கல் வரவேற்புக் கணினியால் வந்தது. அது பழசு. எப்படியோ பல நாள் பட்டியல் அதன் கைக்குப் போய்விடும். வரவேற்பில் இருந்த அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போவார். உடனே கால் மணி நேரம், அரை மணி நேரம் மற்ற கணினிகளில் பெயர்கள் வருவதும் மறைவதுமாக இருக்கும். நிர்வாகி என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"என்னவே, காலையில தெரியுது, மத்தியானம் தெரியல, சாயங்காலம் மறுபடி தெரியுது. கம்ப்யூட்டரா, இல்ல நம்ம ஊரு தண்ணிக் குழாயா?"

நான் யோசித்து ஒரு வழி கண்டேன். மருந்துக்கடை இரவும் பகலும் திறந்திருக்கும், அதன் கணினியை யாரும் அணைப்பதில்லை. எனவே பட்டியலை எப்போதும் அதுவே வைத்திருக்கட்டும் என்று அங்கே அமைத்தேன். மற்ற நான்கிலும், எந்த நிலையிலும் பட்டியலை வைத்துக்கொள்ளாதே என்று அமைத்தேன். பத்து நிமிட வேலை. பெயர்கள் டக்கென்று வந்தன, மறையவில்லை. நிர்வாகி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

செய்ததை நான் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. மருந்துக்கடை ஆளிடம், உங்கள் பெட்டியை நம்பித்தான் மற்ற நான்கும் இருக்கின்றன என்று சொல்லவில்லை. வார்டுக் கணினியின் முகப்பில் லேப் கோப்புறைக்கு நேரடிச் சின்னம் ஒன்று போட்டிருந்தால் அந்தப் பட்டியலே தேவைப்பட்டிருக்காது. அதையும் போடவில்லை. அன்று எனக்கு வள்ளியூரில் இன்னொரு வேலை இருந்தது.

இனி கோமதி. லேப்பில் வேலை பார்த்த பெண், இருபத்துமூன்று இருபத்துநான்கு வயது இருக்கும். சொந்த ஊர் இராதாபுரம். வாரத்தில் ஐந்து நாள் பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் விடுதியில் தங்குவாள். வீட்டில் ஏதாவது காரியம் என்றால் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு ஊர் பஸ்ஸைப் பிடிப்பாள். நான் அவளுக்குக் கணினியில் முடிவுகளை எழுதச் சொல்லிக் கொடுத்த அன்று, இனி தாளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓட வேண்டாம் என்றேன்.

"அப்பம் ரெண்டு காலு எதுக்குண்ணே எனக்கு? ஒண்ண வித்துரட்டா?" என்றாள்.

"வேண்டாம்மா, பஸ்ஸு பிடிக்கணும்லா."

"அதுக்கு ஒண்ணு போதும். நொண்டிக்கிட்டுப் போனா சீட்டாவது தருவாவ."

நிர்வாகி அதையே கடுமையான உத்தரவாகப் போட்டார். லேப் ஆட்கள் வார்டுப் பக்கம் வரக்கூடாது, எல்லாம் கணினியில் இருக்க வேண்டும். வேலை முடிந்து போகும்போது லேப் கணினியை அணைக்கவும் கூடாது, ஏனென்றால் இரவில் வார்டில் முடிவுகளைப் பார்ப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை மருந்துக்கடைக் கணினியிலிருந்து புகை வந்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே மின் வழங்கும் பகுதி கருகிவிட்டது. நான் போய்க் கேபிளை அதிலிருந்து மட்டும் கழற்றிவிட்டு, பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொக்கிரகுளம் பாலம் வழியாக ஜங்ஷனுக்குக் கொண்டுவந்தேன். மற்ற நான்கும் கேபிளில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன. பட்டியல் இப்போது யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைத் தீர்மானித்தவன் நான்தான். ஆனால் அந்த வேலை முடிந்து மூன்று மாதமாகியிருந்தது, என் தலையிலிருந்து அது போய்விட்டிருந்தது.

அன்று மதியம் வார்டில் ஒருவரைச் சேர்த்தார்கள். பம்பாயில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தவர், முப்பது வயது. வள்ளியூர் பக்கத்துக் கிராமம். கடுங்காய்ச்சல். டாக்டர் டைபாய்டுக்கு மருந்தைத் தொடங்கிவிட்டு, மலேரியாவாக இருக்கலாம் என்று இரத்தம் பார்க்கச் சொன்னார். முடிவு வந்ததும் மருந்தை மாற்றுவதாக எழுதி வைத்தார். கோமதி நான்கரை மணிக்கு முடிவை எழுதினாள். மலேரியாதான், மூளையைத் தாக்கும் வகை. கோப்பைப் போட்டுவிட்டு ஐந்து மணிக்குப் பஸ் ஏறினாள்.

ஆறு மணிக்கு டாக்டர் கேட்டார், நர்ஸ் பார்த்தார். திரையில் எந்தப் பெயரும் வரவில்லை. வலையைப் பார்க்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. நர்ஸ் அதை ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டார், லேப் கணினி ஓடவில்லை என்று. லேப் பூட்டியிருந்தது. சரி, காலையில் பார்க்கலாம் என்றார்கள். ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்த்தார், அப்போதும் இல்லை. விடியும்போது அந்த ஆளுக்கு வலிப்பு வந்தது. வியாழக்கிழமை மதியம் இறந்துபோனார்.

இந்த விவரமெல்லாம் தெரியாமல் வியாழன் காலை பத்து மணிக்கே நான் மருந்துக்கடைக் கணினியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். பத்தேகாலுக்கு ஐந்து பெயர்களும் திரையில் இருந்தன. லேப்பின் கோப்பு திறந்தது. கோமதி ஊரிலிருந்து வந்து லேப்பைத் திறந்ததும் அந்த நேரத்தில்தான். அப்போதுதான் வார்டில் முடிவைப் படித்தார்கள்.

இப்போது டாக்டர்களைப் பார்க்கும்போது, முந்தைய நாள் மாலையே மருந்து மாற்றியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்கத் தோன்றும். இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் பிழைத்திருக்கலாம் என்றார். இன்னொருவர் சொல்ல முடியாது என்றார். மூன்றாவது ஆளிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நிர்வாகியின் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். படியேறும்போதே அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும் வே. நம்ம வேலையில கோளாறுன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னு வையும், நாளைக்கு நாம ஷட்டரை இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

அறையில் நிர்வாகி, டாக்டர், நர்ஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

நிர்வாகி நர்ஸிடம் கேட்டார். "நீங்க பாத்தப்போ என்ன இருந்துச்சு?"

"லேப் வரல சார். ஆறு மணிக்கும் பாத்தேன், ஒம்பது மணிக்கும் பாத்தேன். வரவே இல்ல."

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. லேப் மட்டும் வரவில்லையா, மற்ற பெயர்கள் வந்தனவா? ஒன்றுமே வரவில்லை என்று நர்ஸ் சொல்லியிருப்பார். அந்த அறையில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: மருந்துக்கடைப் பெட்டியோடு பட்டியலும் போய்விட்டது, மற்ற நான்கும் அதை எடுத்துக்கொள்ளாதபடி அமைத்தவன் நான். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"போம்போது அணைச்சிட்டுப் போயிட்ட. அப்படித்தான?" என்றார் நிர்வாகி.

"இல்ல சார். திரையை மட்டுந்தான் அணைச்சேன். பெட்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மறுநா காலையில வந்தப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஓடிக்கிட்டு இருந்தா அங்கன ஏன் தெரியல?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்?" அவள் குரல் உயர்ந்தது. "நான் ஓடிவந்து வார்டுல சொல்லிட்டுத்தான் போவணும்னு நெனச்சேன். லேப் ஆளுக வார்டு பக்கம் வரப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய."

நிர்வாகி என் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர்காரரு சொல்லட்டும். பெட்டி ஓடிக்கிட்டு இருந்தா லிஸ்ட்டுல வருமா, வராதா?"

"வரும் சார்" என்றேன்.

பொதுவாக வரும் என்று சொல்ல நினைத்தேன். அந்த 'பொதுவாக' வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தாலும் அது எனக்காகத்தான் வந்திருக்கும், அவளுக்காக அல்ல.

கோமதி என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, புதங்கெழமை நீங்கதான மருந்துக்கடைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனிய? அதனால எதும் ஆயிருக்குமோ?"

கணினி படித்தவள் அல்ல அவள். ஆனால் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றேன்.

உங்களில் பலருக்கு இந்த வேலையில் பயம், தெரியாமல் ஒரு தவறு செய்துவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் அமைப்பை மாற்றியதும், எழுதி வைக்காததும், பெட்டியைத் தூக்கி வந்ததும் கவனக்குறைவு. அந்த அறையில் நான் செய்தது கவனக்குறைவு அல்ல. நமக்கு மட்டும் புரிகிற ஒன்றைப் பற்றி, புரியாதவர்கள் நம்மை நம்பிக் கேட்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் நம் வாய்ச்சொல்தான் சாட்சி. அதைச் சரிபார்க்க அந்த அறையில் வேறு ஆளே இருக்க மாட்டார்.

கோமதியை அன்று மதியமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். கவனக்குறைவால் நோயாளியின் உயிருக்குக் கேடு விளைவித்தவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு தாளோடு வேறு எந்த லேப்பிலும் போய் நிற்க முடியாது.

அன்று மாலை, பராமரிப்புக்கு வந்ததாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். ஐந்து கணினிகளிலும் நான் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். பழையபடி அவையே தீர்மானித்துக்கொள்ளும்படி வைத்தேன். மறுபடி இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். யாராவது வந்து பார்த்தால் என் கைவரிசை தெரியக்கூடாது என்பதும் உண்மைதான்.

மார்கழி முழுவதும் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தேன். பொங்கல் முடிந்த அன்று அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது, அந்த அறையிலேயே அவருக்குப் பாதி தெரிந்திருந்தது என்று புரிந்தது.

"முடிஞ்சதைப் போட்டுக் கிண்டாதீரும்" என்றார். "செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? அவன் ஆளுக கேஸுகீஸுன்னு எதுவும் போடல, பைய அழுதுட்டுப் போயிட்டாவ. நீரு இப்பம் போய் வாயைத் தொறந்தீருன்னா ஆஸ்பத்திரிக்கும் கேடு, எனக்கும் கேடு."

"அந்தப் பிள்ளைக்கு, அண்ணாச்சி?"

"வேற வேலை கெடைக்கும் வே. வயசு கெடக்கு."

கிடைக்கவில்லை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு லேப்களில் என்னிடமே கேட்டிருந்தார்கள், அந்தப் பெண்தானே அது என்று. அங்கேயும் நான் ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்லாமல் வந்திருந்தேன்.

மறுநாள் நடந்தது நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிர்வாகியிடம் நேரில் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். மடித்தார். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"இதுக்கு நகல் இருக்கா?"

"இருக்கு சார்."

"கிழிச்சிப் போட்டுரும். நல்லதுக்குச் சொல்லுதேன்."

"அந்தப் பொண்ணைத் திருப்பி வேலைக்கு..."

"எந்தப் பொண்ணை?" என்றார். நான் வெளியே வந்தேன். அந்த வாரமே அண்ணாச்சி கடையிலிருந்தும் வெளியே வந்தேன்.

தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இராதாபுரம் போனேன். வள்ளியூரில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் அரிது. பனையும் முருங்கையும்தான் நிற்கும். கோமதியின் அப்பா முருங்கைக்காய் வாங்கிக் கட்டுக்கட்டி வள்ளியூர்ச் சந்தைக்குச் சைக்கிளில் கொண்டுபோகிறவர். நான் போனபோது வாசலில் குத்தவைத்துப் பனைநாரால் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கோமதி பக்கத்தில் காய்களை நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யாரும்மா?" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்க வருவாவல்லா, அவியதான்."

"வாங்க தம்பி, உக்காருங்க. எம்மா, தண்ணி கொண்டா."

"தண்ணி வேண்டாம்" என்றேன். கோமதியிடம் சொல்வதற்காக வந்தேன், ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மடித்து வைத்திருந்த நகலை நீட்டினேன். அவள் வாங்கிப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"நான் கேட்டனே, அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அந்த ரூமுல வச்சு?"

"ஆமா."

அவள் அழுவாள் என்றோ திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை வச்சு நான் என்ன செய்ய? ஒரு லேப்புல காட்டினா, ஆஸ்பத்திரிக்காரன் ஒத்துக்கிட்டானான்னு கேப்பான். செத்தவரு ஊரும் எங்க ஊரும் ஒரே பஸ்ஸு ரூட்டு. நான் ஏறினா பக்கத்து சீட்டுல உக்காருத ஆளு எந்திரிச்சுப் போவுது. அவுக கையில இந்தத் தாளைக் குடுத்துப் படிக்கச் சொல்லட்டா?"

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஊரை விடுங்க. எங்க அப்பாகிட்டச் சொல்லுங்க" என்றாள். "அவரே நான்தான் அணைச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. வெளிய சொல்லல, அவ்வளவுதான்."

அவர் கட்டுக் கட்டுவதை நிறுத்தியிருந்தார். அதை மறுக்கவில்லை.

வாழ்க்கையில் எத்தனையோ அரங்குகளில் வலையமைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்று அந்த வாசலில் பேசியதுபோல ஒருநாளும் திணறியதில்லை. பட்டியல் என்றேன், பட்டியல் வைத்திருக்கும் பெட்டி என்றேன், நான் செய்த மாற்றம் என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு ஏறாது. ஒண்ணே ஒண்ணு சொல்லும். எம் மவ கிளம்பையில அந்தப் பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சா, இல்லையா?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அவ அணைக்கல."

"அணைக்கல. நான் பொய் சொன்னேன்."

தம்பி என்று கூப்பிட்டவர் அதன்பிறகு அப்படிக் கூப்பிடவில்லை. கையிலிருந்த பனைநாரைக் கீழே வைத்தார். பிறகு மகளைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கும் மேலாக அவளிடம் என்ன பேசினார், எதைப் பேசாமல் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கோமதி காய்களைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸுக்குத்தான போறீரு? வாரும்" என்றார்.

வழியனுப்ப வருகிறார் என்று நினைத்தேன். தெருமுனை டீக்கடையில் நான்கு பேர் இருந்தார்கள். அங்கே நின்றார்.

"இவரு நெல்லைலேருந்து வந்திருக்காரு. ஒரு விசயம் சொல்லணுமாம். கேட்டுக்கிடுங்க" என்றார். என் பக்கம் திரும்பினார். "சொல்லும்."

சொன்னேன். டீக்கடைக்காரர் கையில் தூக்கிய குவளையோடு நின்றார். பெஞ்சில் இருந்த ஒருவர், "அட நாசமாப் போறவனே" என்றார், சத்தமில்லாமல்தான்.

அடுத்து சைக்கிள் கடை. அங்கேயும், "சொல்லும்" என்றார். அதன்பின் குடிநீர்க் குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள். ஒரு அம்மா கேட்டாள், "அப்பம் கோமதி மேல எந்தத் தப்பும் இல்லையா?" இல்லை என்றேன். "அதைச் சொல்லதுக்கு இம்புட்டு நாளா?" என்றாள். கோமதியின் அப்பா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, என்னை ஏசவும் இல்லை. நிறுத்துவார், சொல்லச் சொல்வார், நடப்பார். முதலில் பட்டியல், பெட்டி என்று இழுத்துக்கொண்டிருந்தேன். நான்காவது ஐந்தாவது இடத்துக்குள் அது இரண்டு வரியாகிவிட்டது. அந்தப் பிள்ளை அணைக்கவில்லை, நான் பொய் சொன்னேன். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது, உள்ளே பாதிக்கு மேல் ஆட்கள். நான் படியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"கண்டக்டரே, இரும். இவரு ஒண்ணு சொல்லணும். வள்ளியூரு வரைக்கும் கேக்குத மாதிரிச் சொல்லட்டும்."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பஸ்ஸில் பேச்சு நின்றது. நான் உள்ளே ஏறி, அவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கும்படி திரும்பி நின்றேன்.